கூண்டு இறங்கிய ஊரில் ஒரு காட்சிக்கூடம்: கோலார் தங்க வயலும் குழந்தைகளின் அருங்காட்சியகமும்

கோடை விடுமுறை தொடங்கினால் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும். “பிள்ளைகளோடு பெங்களூர் வருகிறோம்; வெயிலில் அலையாமல் உள்ளே நின்று பார்க்கும்படி என்ன இருக்கிறது?” என் விடையும் மாறுவதில்லை. கஸ்தூரிபா சாலைக்குப் போங்கள். சிவப்புக் கட்டடத்தில் அரசு அருங்காட்சியகம். அதன் அருகிலேயே விசுவேசுவரய்யா தொழில், தொழில்நுட்ப அருங்காட்சியகம். பக்கத்தில் வெங்கடப்பா ஓவியக்கூடம். பூங்காவைக் கடந்தால் பால பவன். இன்னும் ஒரு நாள் இருந்தால் 1989இல் திறக்கப்பட்ட நேரு கோளரங்கம்.

அழைப்பவர்களில் பாதிப் பேர் கோலார் தங்க வயலில் வாழும் என் உறவினர்கள். மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் கடந்து, குழந்தைகளுக்கு இயந்திரம் காட்ட நகரத்துக்கு வருகிறார்கள். விடை சொல்லி முடித்த பிறகு ஒவ்வொரு முறையும் ஓர் உறுத்தல் எஞ்சும். அந்தக் குழந்தைகள் வீட்டுக்கு அடியில் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமான சுரங்கம் கிடக்கிறது. அதைப் பற்றிக் காட்டவும் சொல்லவும் அவர்கள் ஊரில் ஓர் அறை இல்லை. இந்த உறுத்தலின் வரலாற்றைத்தான் இங்கே எழுத முயல்கிறேன். நீண்ட பதிவு, பொறுத்துப் படிக்க வேண்டுகிறேன்.

முதலில் சொல்லிலிருந்து தொடங்குகிறேன். மொழியியல் படித்தவனின் பழக்கம். ‘அருங்காட்சியகம்’ என்பது நாம் பள்ளியில் கற்ற சொல். இலங்கைத் தமிழர் ‘நூதனசாலை’ என்பார்கள். சென்னை மக்கள் நெடுங்காலம் எழும்பூர் அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும், விலங்குக்காட்சிச் சாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும் அழைத்தார்கள். இந்த இரட்டைப் பெயரை வெறும் வேடிக்கையாகக் கருதிவிடக் கூடாது. 1851இல் தொடங்கிய சென்னை அருங்காட்சியகமும், 1855இல் அதன் வளாகத்தில் தொடங்கிய விலங்குக்காட்சியும் எட்வர்ட் பால்ஃபர் என்ற ஒரே மருத்துவரின் முயற்சியில் பிறந்தவை. மக்கள் இரண்டையும் கல்விக்கூடமாகவே, ‘காலேஜ்’ ஆகவே, கண்டார்கள். ஒன்றில் உயிருள்ளவை பாடம் நடத்தின. மற்றொன்றில் பாடம் செய்யப்பட்டவை.

அதே பால்ஃபரின் முன்முயற்சியில்தான் 1865இல் பெங்களூரிலும் ஓர் அருங்காட்சியகம் உருவாயிற்று. இன்றும் அங்கே குழந்தைகள் விரும்பி நிற்கும் ஒரு கல் உண்டு. ஆத்தகூர் கல்வெட்டு, பத்தாம் நூற்றாண்டு. காட்டுப்பன்றியோடு பொருது மடிந்த காளி என்னும் வேட்டைநாய்க்கு எடுக்கப்பட்டது. அதே கல்லில்தான் தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்த செய்தியும் இருக்கிறது. குழந்தை நாயின் கதையைக் கேட்க நிற்கும்; கேட்டு முடிவதற்குள் ஒரு பேரரசின் தோல்வியும் காதில் விழுந்திருக்கும். நல்ல அருங்காட்சியகம் இப்படித்தான் சிறியதைக் காட்டிப் பெரியதைச் சொல்லும்.

ஆனால் அந்தக் காலத்து அருங்காட்சியகத்தின் முதல் கட்டளை ‘தொடாதே’ என்பது. கண்ணாடிப் பேழைக்கு அப்பால் பொருள், இப்பால் குழந்தை. இருபதாம் நூற்றாண்டு அந்த முறையை மாற்றியது. 1962 ஜூலை 14 அன்று ஜவாகர்லால் நேரு பெங்களூரில் விசுவேசுவரய்யா அருங்காட்சியகக் கட்டடத்தைத் திறந்துவைத்தார். 1965 ஜூலை 27 அன்று அதன் முதல் காட்சிக்கூடம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. கைப்பிடியைச் சுழற்று, பொத்தானை அழுத்து, என்ன நடக்கிறது என்று பார் என்பது புதிய கட்டளை. அந்த முதல் காட்சிக்கூடத்தின் பொருள் மின்சாரம்.

இங்கேதான் கோலார் தங்க வயல் கதைக்குள் நுழைகிறது. மைசூர் நாட்டின் மின்சார வரலாறு பெங்களூரிலோ மைசூரிலோ தொடங்கவில்லை. காவிரியின் சிவசமுத்திர அருவியில் உருவான மின்சாரம் 1902 ஜூன் இறுதியில் முதன்முதலாகப் போய்ச் சேர்ந்த இடம் தங்க வயல்தான். ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பித்தடம். இது உலகிலேயே மிக நீளமான தடம் என்று பல இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது; அது சரியன்று. 1901இலேயே கலிபோர்னியாவில் கோல்கேட் தொடங்கி ஓக்லாந்து வரை 142 மைல் நீளத்துக்கு ஒரு தடம் இயங்கிவந்தது. ஊர்ப் பெருமைக்கு மிகை தேவையில்லை. பெங்களூர் நகரத் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905இல்தான் என்பதே போதுமான செய்தி. தலைநகர் மண்ணெண்ணெய் விளக்கில் இருந்தபோது சுரங்கம் மின்சாரத்தில் இயங்கியது.

ஏன் சுரங்கத்துக்கு முதலிடம்? 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் வந்த பிறகு, சில ஆண்டுகளிலேயே சாம்பியன் ரீஃப் என்னும் வளமான தங்கப் படிவு கிட்டியது. ஆழம் கூடக் கூட நான்கு வேலைகளுக்கு ஓயாத ஆற்றல் வேண்டியிருந்தது. ஊறும் நீரை இறைக்க வேண்டும். ஆளையும் கல்லையும் ஏற்றி இறக்க வேண்டும். கீழே காற்றைச் செலுத்த வேண்டும். மேலே வந்த கல்லைப் பொடியாக்க வேண்டும். விறகும் நிலக்கரியும் கட்டுப்படியாகவில்லை. அருவி கைகொடுத்தது. கோடையில் காவிரி மெலிந்தால் மின்சாரமும் மெலிந்தது. சுரங்கத்துக்குத் தடையின்றி மின்சாரம் தரவேண்டிய கட்டாயம், 1911இல் வேலை தொடங்கிய கிருஷ்ணராஜசாகர் அணைக்கு முன்வைக்கப்பட்ட வலுவான காரணங்களுள் ஒன்றாயிற்று. அணைத் திட்டத்தை முன்னெடுத்த தலைமைப் பொறியாளர் விசுவேசுவரய்யா. அவர் பெயரால்தான் கஸ்தூரிபா சாலை அருங்காட்சியகம் நிற்கிறது. ஆக, அந்த மின்சாரக் கூடத்தின் முன்கதையைத் தேடிப் போனால் நாம் வந்து நிற்கும் இடம் மாரிக்குப்பம்.

முன்கதையில் இன்னொரு பாதியும் உண்டு. அந்த மின்சாரம் இயந்திரங்களுக்காக வந்தது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்து சுரங்கத்துக்குள் இறங்கிய தமிழரும் தெலுங்கரும், அவர்களுள் பெரும்பகுதியினரான ஒடுக்கப்பட்ட சாதி மக்களும், மூங்கில் தட்டி வீடுகளில் வாழ்ந்தார்கள். வரிசை வரிசையான அந்தக் குடியிருப்புகளுக்கு ‘லைன்’ என்று பெயர். ஆங்கிலத்தில் கோட்டைக் குறிக்கும் சொல் தங்க வயல் தமிழில் ஊரைக் குறிக்கலாயிற்று. இன்றும் “எந்த லைன்?” என்று கேட்டால் அது “எந்த ஊர்?” என்ற கேள்விதான்.

நான் அந்த அருங்காட்சியகத்தை முதன்முதலில் பார்த்தது ஆறாம் வகுப்புச் சுற்றுலாவில். துணைக்கு வந்த பெரியவர்களில் என் தாத்தாவும் ஒருவர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் சுரங்கத்தில் துளைப்புப் பொறி பிடித்தவர். ரயிலில் வரும்போதே இருமிக்கொண்டு வந்தார். கண்ணாடிகள், தானாக அசையும் டைனோசர், ரைட் சகோதரர் விமானத்தின் மாதிரி என்று நாங்கள் ஓடிக்கொண்டிருந்தபோது, அவர் மட்டும் பெரிய இயந்திரங்கள் நிற்கும் கூடத்தில் ஒரு சக்கரத்தின் முன் நின்றுவிட்டார். ஆசிரியர் எங்களை வரிசையில் நிறுத்தி அடுத்த கூடத்துக்கு அழைத்தார். தாத்தா அசையவில்லை.

“என்ன தாத்தா?” என்றேன்.

“இதைவிடப் பெரிய சக்கரம்டா நம்ம ஊர்ல. அதுல கயிறு சுத்தியிருக்கும். கயிறு முனையில நாங்க இருப்போம்.”

நான்கைந்து பிள்ளைகள் கூடினார்கள். கூண்டில் ஆட்கள் ஏறியதும் மணி அடிக்கப்படும். மேலே இயந்திரம் ஓட்டுபவர் கூண்டைப் பார்க்கவே முடியாது. மணியின் எண்ணிக்கையைக் கேட்டுத்தான் ஏறியிருப்பது கல்லா மனிதரா, ஏற்ற வேண்டுமா இறக்க வேண்டுமா என்று அறிவார் என்று சொன்னார். கல் என்றால் வேகம்; மனிதர் என்றால் நிதானம். “ஒரு மணி தப்பா கேட்டா?” என்று ஒரு பையன் கேட்டான். “அதனாலதான் அவங்க பேசவே மாட்டாங்க. காதைத் தீட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க” என்றார் தாத்தா. அன்று அந்தக் கூடத்தில் இருந்த எந்தப் பலகையையும்விட அந்தப் பத்து நிமிடம் எங்களுக்கு நினைவிருக்கிறது. குறியீடு என்பது என்ன, ஒலிக்கும் பொருளுக்கும் உள்ள உறவு என்ன என்று பின்னாளில் முதுகலை வகுப்பில் கற்றபோது எனக்கு முதலில் கேட்டது அந்த மணிதான்.

பத்து நிமிடத்துக்கு அவர் அந்த அருங்காட்சியகத்தின் வழிகாட்டியாக இருந்தார். பிறகு மறுபடி ஒரு மாணவனின் தாத்தாவானார்.

சுரங்கத்தைக் குழந்தைகளுக்கு உள்ளரங்கில் காட்டும் மரபு உலகில் புதியதன்று. மியூனிக் நகரின் டாய்ச்சஸ் மியூசியத்தை 1903இல் நிறுவிய ஓஸ்கார் ஃபான் மில்லர் ஒரு மின்பொறியாளர்; 1891இல் லாஃபன் ஊரிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் பொருட்காட்சிக்கு 175 கிலோமீட்டர் மின்சாரம் அனுப்பிக் காட்டியவர். 1925இல் அந்த அருங்காட்சியகம் புதுக் கட்டடத்துக்குப் போனபோது, பார்வையாளர் நடந்து செல்லும்படி செயற்கைச் சுரங்கம் ஒன்று அதற்குள் அமைந்தது. 1911இல் சிகாகோ வணிகர் ஜூலியஸ் ரோசன்வால்ட் அங்கே போயிருந்தார். கூட வந்த எட்டு வயது மகன் இயந்திரங்களை விட்டுப் பிரிய மறுத்த காட்சி அவர் மனத்தை மாற்றியது. அதன் விளைவாக 1933இல் சிகாகோவில் பிறந்த அறிவியல், தொழில் அருங்காட்சியகத்தின் முதல் காட்சிகளுள் ஒன்று நிலக்கரிச் சுரங்கம். இந்தியாவில் 1959இல் திறக்கப்பட்ட கல்கத்தா பிர்லா தொழில், தொழில்நுட்ப அருங்காட்சியகமும் பின்னர் ஒரு மாதிரி நிலக்கரிச் சுரங்கத்தைத் தன் கட்டடத்தின் அடியில் அமைத்துக்கொண்டது. நகரக் குழந்தை சீட்டு வாங்கி, இருட்டில் இறங்கி, அரைமணியில் வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

இவை நகரத்துக்குச் சுரங்கத்தை அழைத்துவந்த கதைகள். சுரங்கத்திலேயே அருங்காட்சியகம் அமைந்த கதைகளும் உண்டு. வேல்ஸ் நாட்டின் பிக் பிட் நிலக்கரிச் சுரங்கம் 1980இல் மூடப்பட்டு 1983இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. குழந்தைகளைக் கீழே அழைத்துச் செல்லும் பணியை முன்னாள் சுரங்கத் தொழிலாளர்களே ஏற்றார்கள். தங்க வயலுக்கு இன்னும் நெருங்கிய எடுத்துக்காட்டு கார்ன்வால். டெய்லர் நிறுவனம் கோலாருக்கு அழைத்துவந்த மேற்பார்வையாளர்களில் பலர் கார்ன்வாலின் வெள்ளீயச் சுரங்கங்களில் தொழில் கற்றவர்கள். அங்குள்ள ஜீவர் சுரங்கம் 1990இல் மூடியது. 1993இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. 2006இல் கார்ன்வால் சுரங்க நிலப்பரப்பு முழுவதும் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. மேற்பார்த்தவரின் ஊரில் பேரப்பிள்ளைகள் சுரங்கத்தைப் பார்க்கிறார்கள். துளைத்தவரின் ஊரில் பேரப்பிள்ளைகள் கூண்டுக் கோபுரத்தை வேலிக்கு வெளியே நின்று பார்க்கிறார்கள்.

காட்டத் தகுந்தது தங்க வயலில் குறைவா? 1880களிலிருந்து 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்படும் வரை எடுக்கப்பட்ட தங்கம் ஏறத்தாழ 800 டன் என்பர். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம் 3.2 கிலோமீட்டர். அடித்தளத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியஸைத் தாண்டும். குளிர்வித்த காற்று இல்லாமல் அங்கே நிற்க முடியாது. அழுத்தம் தாங்காத பாறை திடீரென வெடித்துச் சிதறும் பாறைவெடிப்பு ஊர் முழுவதும் அதிர்வாக உணரப்பட்டது. அந்த ஆபத்தைப் புரிந்துகொள்ளும் தேவையின் தொடர்ச்சியாகவே 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் அங்கே தோன்றிற்று.

அறிவியலுக்கு அந்த ஆழம் அளித்த கொடை வேறு. வானிலிருந்து பொழியும் காஸ்மிக் கதிர்களில் பெரும்பகுதியைப் பாறை வடிகட்டிவிடும், நியூட்ரினோவைத் தடுக்காது. ஆகவே அதைத் தேடுபவர் ஆழத்துக்குப் போக வேண்டும். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஒசாகா, டர்ஹாம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து தங்க வயலில் ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை நிறுவின. வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடயம் அங்கே பதிவானது 1965இல். அதே ஆண்டில் தென் ஆப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் பதிவாயிற்று. பெங்களூர்க் குழந்தைகளுக்கு மின்சாரக் கூடம் திறந்த அதே ஆண்டு! இங்கே கைப்பிடி சுழன்றுகொண்டிருந்தபோது, அங்கே இந்திய இயற்பியலின் முக்கியமான பதிவு ஒன்று பாறைக்கடியில் நிகழ்ந்தது. கருவிகளைக் கீழே இறக்கியது கூண்டு. கூண்டை இறக்கியது மணி கேட்டவரின் காது.

இவற்றோடு நிறுத்தினால் அது முழுமையான அருங்காட்சியகம் ஆகாது. கல்லைத் துளைக்கும்போது எழுந்த தூசி நுரையீரலில் படிந்து உண்டாக்கிய சிலிக்கோசிஸ் நோயைச் சொல்ல வேண்டும். வேலை முடிந்து வருபவர் தங்கம் மறைத்துக் கொண்டுவந்தாரா என்று உடலைச் சோதித்த முறையைச் சொல்ல வேண்டும். விரல் ரேகையோடு தொழிலாளரைப் பதிவுசெய்யும் முறையை எதிர்த்து 1930இல் நடந்த பெரும் வேலைநிறுத்தத்தைச் சொல்ல வேண்டும். அயோத்திதாசரின் மறைவுக்குப் பின் நின்றுபோயிருந்த ‘தமிழன்’ இதழை 1926இல் மீண்டும் அச்சேற்றியது இந்தச் சுரங்க ஊர்தான். அதன் ஆசிரியர் அப்பாதுரையார். அயோத்திதாசரின் எழுத்துகளை நூல்களாக்கிப் பாதுகாத்த சித்தார்த்த புத்தகசாலையும் இங்கேயே இருந்தது. பகலில் பாறை துளைத்த மக்கள் மாலையில் இதழ் படித்தார்கள், சங்கம் நடத்தினார்கள். ‘குட்டி இங்கிலாந்து’ என்று கிளப்பையும் பங்களாவையும் மட்டும் நினைவுகூரும் எழுத்துகளில் இந்தப் பக்கம் இடம்பெறுவதில்லை. அண்மைத் திரைப்படங்களால் ‘கே.ஜி.எப்.’ என்ற மூன்றெழுத்து நாடறிந்ததாயிற்று. அந்தப் பெயரைச் சொல்லும் குழந்தைகளுக்கு ஊர் தெரிவதில்லை.

சுரங்கத்துக்குள் குழந்தைகளை இறக்க இனி முடியாது என்பார்கள். உண்மை. இறைப்பு நின்ற பிறகு ஆழத்தில் நீர் நிறைந்துவிட்டது. ஆனால் மியூனிக்கிலும் கல்கத்தாவிலும் எந்தத் தங்கப் படிவும் கட்டடத்துக்கு அடியில் இல்லை. தரைமேல் ஓர் அறையில் இருட்டை உண்டாக்கலாம். தலைவிளக்கு ஒன்றைத் தரலாம். தட்டி வீடு ஒன்றை அளவு மாறாமல் கட்டலாம். மணியைக் குழந்தையின் கையில் கொடுத்து, இன்னொரு குழந்தையை அடுத்த அறையில் உட்காரவைத்து, கல்லா மனிதரா என்று கேட்கலாம். இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஊரில் பயன்பாடின்றி நிற்கும் பழைய கட்டடங்களில் ஒன்று போதும்.

வேண்டியது வேறொன்று, அது நாளுக்கு நாள் குறைந்துவருகிறது. பிக் பிட் சுரங்கம் மூடிய மூன்றே ஆண்டில் அருங்காட்சியகமானதால், கீழே வேலைசெய்த கைகளே கதவைத் திறந்தன. தங்க வயல் மூடி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. கடைசி நாளில் கூண்டிலிருந்து வெளியே வந்த இளைஞர்கள்கூட இன்று முதுமையை நெருங்குகிறார்கள். அவர்களின் பிள்ளைகள் விடியற்காலை ரயிலில் பெங்களூர் போய் இரவு திரும்புகிறார்கள். பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்ல வீட்டில் இருப்பவர் தாத்தாதான். அவரும் போன பிறகு திறக்கும் அருங்காட்சியகத்தில் கோபுரமும் சக்கரமும் இருக்கும். மணி எத்தனை முறை அடித்தால் மனிதர் என்று சொல்ல ஆள் இருக்காது. அப்போது அது மெய்யாகவே ‘செத்த காலேஜ்’ ஆகிவிடும்.

என் தாத்தா அந்தச் சுற்றுலாவுக்குப் பிறகு மூன்று ஆண்டுகள் இருந்தார். மணிக் குறிப்புகளின் முழு வரிசையை நான் அவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை. வேறு பெரியவர்களிடம் கேட்டு இப்போது எழுதிவருகிறேன். ஒவ்வொருவரும் சிறிது மாற்றிச் சொல்கிறார்கள். ஒருவேளை சுரங்கத்துக்குச் சுரங்கம் அது மாறியிருக்கலாம். அதை உறுதிசெய்ய இன்னும் சிலரைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இதைப் படிக்கும் மாணவர்களில் தங்க வயல் பிள்ளைகள் இருப்பீர்கள். இந்த விடுமுறையில் தம்பி தங்கைகளைக் கஸ்தூரிபா சாலைக்குக் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். முடிந்தால் வீட்டுப் பெரியவர் ஒருவரையும் உடன் அழையுங்கள். இயந்திரக் கூடத்தில் அவர் எங்கேனும் நின்றுவிட்டால் அவசரப்படுத்தாதீர்கள். கைபேசியில் ஒலிப்பதிவை இயக்கிவிட்டு, என்ன என்று கேளுங்கள்.